மிஸ்ஸியின் நாலாம் சட்டம்

நாவற்குடாப் பக்கத்தில் கடந்த இருபத்தைந்து முப்பது வருடங்களில் பிறந்த யாரைக் கேட்டாலும், தான் பிறந்த நேரத்தை நிமிடம் பிசகாமல் சொல்வார்கள். "காலை எட்டு இருபத்தேழு" என்பார்களே தவிர "எட்டரை மணியிருக்கும்" என்று சொல்லமாட்டார்கள். அந்த நிமிடங்களையெல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்த கை ஒன்றே ஒன்று. அந்தக் கைக்குரியவர் பெயர் இரத்தினம்மா. ஊருக்கு அவர் மிஸ்ஸி.

அரசாங்க மருத்துவிச்சி. வெள்ளைச் சேலை, கறுப்புத் தோற்பை, ஒரு பழைய சைக்கிள், இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய மணிக்கூடு. பிள்ளை வந்து முதல் குரல் எடுத்ததும், தொப்புள்கொடியில் கை வைப்பதற்கு முன்னால் மிஸ்ஸியின் கண் அந்த மணிக்கூட்டுக்குப் போகும். பார்த்த நேரத்தைப் பென்சிலால் கொப்பியில் எழுதுவார். அதை வைத்துத்தான் சாத்திரியார் சாதகம் கணிப்பார். சில வீடுகளில் கெஞ்சுவார்கள்.

"மிஸ்ஸி, இன்னும் கால் மணித்தியாலம் கழிஞ்சா நல்ல நட்சத்திரமாம். கொஞ்சம் பிந்திப் போடுங்களன்."

"புள்ள என்னக் கேட்டா பிறந்தது?" என்பார் மிஸ்ஸி. "அது வந்த நேரத்தச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்."

பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் சாதகம் எழுதும் வழக்கம் இல்லை. ஆனாலும் தொண்ணூறாம் ஆண்டு வரை அங்கேயும் எத்தனையோ உம்மாமாரின் கட்டிலருகே மிஸ்ஸி நின்றிருக்கிறார். அந்த ஆண்டு இரண்டு ஊரிலும் விழுந்த கொலைகளை எழுத என் பேனாவுக்குத் தைரியம் இல்லை. இரண்டு பக்கத்திலும் அழாத வீடு இருக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு ஊரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒன்றின் முகத்தை ஒன்று பாராமல் நடந்தன. மிஸ்ஸியின் சைக்கிளும் அந்தப் பக்கம் போவது நின்றது.

அந்தத் தெருவை மறுபடி திறந்து வைத்தது, நம்புவீர்களோ என்னவோ, ஒரு சுருள் வறுத்த கச்சான், அதாவது வேர்க்கடலை.

மிஸ்ஸியின் கணவர் கோணாமலை நகை செய்கிற பத்தர். போருக்குப் பயந்து ஊரே நகைகளை மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த காலத்தில் பத்தருக்கு என்ன வேலை இருக்கும்? உலையில் நெருப்பு இல்லை. தராசு பெட்டிக்குள் கிடந்தது. தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள், கல்லடிப் பாலத்தடியில் கச்சான் வாங்கித் தின்றபடி வந்தவர், சுருளை எறியப்போய் நின்றுவிட்டார். சுற்றியிருந்த தாளில் ஒரு விமானத்தின் படம். தும்பியின் சிறகுபோல் மெல்லிய சிறகு. கீழே இங்கிலீசில் இலக்கம் போட்டு ஏதோ எழுதியிருந்தது. மற்றக் கையில் இருந்த மனைவியின் பங்குக் கச்சானையும் தின்று முடித்து, அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"என்ட கச்சான் எங்க?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"அது கிடக்கட்டும். இத வாசி."

மிஸ்ஸி வாசித்தார். "இது வீட்டுக்குள்ள விடுற பிளேனாம். எஞ்சின் இல்ல. றப்பர முறுக்கி விடுறது. அதுக்குப் போட்டி வச்சிருக்காங்க. இது போட்டிச் சட்டம். ஆகக் கூடின நேரம் நிலத்துக்கு வராம நிண்டது வெல்லும்."

"எத்தின நேரம் நிக்குமாம்?"

"வெளிநாட்டில அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட நிண்டிருக்காம்."

கோணாமலை வாயைத் திறந்தபடி இருந்தார். அன்றைக்குப் பகல் சோற்றைப் பிசைந்துகொண்டே கூரையைப் பார்த்தார் என்று மிஸ்ஸி சொல்வார்.

வீட்டுக்குள் விடுகிற விமானம் என்பதில்தான் அவருடைய மனம் விழுந்தது. அந்தக் காலத்தில் எங்கள் வானத்தில் எதற்கும் பறக்க அனுமதி இல்லை. வாவிக் கரையில் யாரோ ஏற்றிய பட்டத்தை இராணுவக் காவலரணிலிருந்து சுட்டு விழுத்தியதை ஊர் பார்த்திருந்தது. கூரைக்குக் கீழே பறப்பதை யார் சுடப் போகிறார்கள்?

வாவி ஓரத்துக் குளங்களில் முளைக்கிற, தக்கைபோல் பாரமற்ற நெட்டியை வெட்டிக் காயவைத்து, நகைக்குப் பூ வெட்டுகிற கத்தியால் ஈர்க்கைவிட மெல்லிதாகச் சீவினார். நகை சுற்றுகிற ரோசாத் தாளைச் சிறகுக்கு ஒட்டினார். எல்லாம் சரி. றப்பர் மட்டும் சரிவரவில்லை. சைக்கிள் டியூப் பாரம். கடைகளில் விற்கிற வளையம் இருபது முறுக்கில் அறுந்தது. மெல்லிய றப்பர் நூல் எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோது, அவருக்கு நெசவுக்கார மஜீட்டின் நினைவு வந்தது. காத்தான்குடியில் மஜீட் தறி வைத்திருந்தான். முன்பு அவனுடைய மனைவியின் காதுக்கு அலுக்குத்து செய்து கொடுத்தவர் கோணாமலைதான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு நாவற்குடாக்காரர் அந்தத் தெருவில் நடந்து போனார். கடை வாசல்களில் பேச்சு நின்றது. மஜீட் தறியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தபடி இருந்தான்.

"வாங்கண்ணன்," என்றான் கடைசியில். "என்ன விசயம்?"

"கொஞ்சம் இலாஸ்டிக் வேணும். அதுக்குள்ள ஓடுற றப்பர் நூல்தான் வேணும்."

"காற்சட்டைக்கா?"

"பிளேனுக்கு."

மஜீட் சிரிக்கவில்லை. கச்சான் தாளை வாங்கிப் படத்தைப் பார்த்தான். பிறகு இலாஸ்டிக் நாடா ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த நூலை நகத்தால் எடுத்து நீட்டினான்.

"இந்தாங்க. ஆனா ஒண்டு சொல்லுறன். நானும் ஒண்டு செய்வன். மறுகா என்னோட போட்டி போட்டுத் தோத்துட்டு வந்து அழக் கூடாது."

போட்டி என்றால் சட்டம் வேண்டும். கச்சான் தாளில் சட்டத்தின் பாதிதான் இருந்தது. மிச்சம் வேறு யாருடைய கச்சானோடு போனதோ தெரியாது. எனவே மிச்சத்தைத் தாங்களே எழுதுவது என்று முடிவாயிற்று. தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிறு பின்னேரம், மிஸ்ஸியின் வீட்டு முற்றத்தில் நாலு பேர் கூடினார்கள். கோணாமலை, மிஸ்ஸி, மஜீட், காத்தான்குடியில் மணிக்கூடு திருத்துகிற அப்துல் கபூர். கபூருக்கு அறுபது வயது இருக்கும். எல்லாருக்கும் அவர் கபூர் காக்கா. ஆமிக் காம்ப் பெரியவருடைய மணிக்கூட்டைத் திருத்திக் கொடுத்து, ஊர் ஓரத்தில் வெறுமையாய்க் கிடந்த நெல் ஸ்டோரில் ஆள் கூடுவதற்கு அனுமதி வாங்கியவரும் அவர்தான்.

விடுகிறவன் தன் கையால் செய்ததைத்தான் விட வேண்டும், இன்னொருவன் ஒரு துரும்பும் ஒட்டக் கூடாது என்பது முதலாம் சட்டம். அது கச்சான் தாளிலேயே இருந்தது. பாரத்துக்குத் தாளில் கிராம் கணக்கு. பத்தர் தராசில் ஏது கிராம்? றப்பர் இல்லாமல் பத்துக் குண்டுமணிப் பாரத்துக்குக் குறையக் கூடாது, றப்பர் ஐந்து குண்டுமணிக்கு மேல் போகக் கூடாது என்று கோணாமலை கணக்குப் பண்ணிச் சொன்னார். அது இரண்டாம் சட்டம்.

"சிறகு ஒரு முழமும் நாலு விரலும்," என்றார் மூன்றாவதாக.

"ஆர்ட முழம்?" என்று கேட்டான் மஜீட். "உங்கட கை நீளம். கபூர் காக்காட கை கட்டை."

"என்ட கையில என்ன குறை?" என்றார் கபூர் காக்கா.

"மிஸ்ஸி அக்காட முழம் எண்டு எழுதுங்க. ரெண்டு ஊர்லயும் புள்ளயளத் தூக்கின கை. ஆரும் குறை சொல்லமாட்டாங்க."

அப்படியே எழுதினார்கள். நாலாம் சட்டத்துக்கு வந்தபோது எல்லாரும் மிஸ்ஸியைப் பார்த்தார்கள். நேரம் பார்ப்பது பற்றிய பக்கம்தான் தாளில் இல்லாமல் போன பக்கம். மிஸ்ஸி பென்சிலைக் கன்னத்தில் வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுதிக்கொண்டே வாய்விட்டு வாசித்தார்.

"கையை விட்ட கணத்திலிருந்து தரையைத் தொடும் கணம் வரை, இரண்டு பேர் இரண்டு மணிக்கூட்டில் பார்க்க வேண்டும். ஒருவர் நாவற்குடா, ஒருவர் காத்தான்குடி. இருவரில் ஒருவருடைய கண் விலகினாலும் அந்தப் பறப்பு இல்லை. மறுபடி விடலாம்."

"நல்ல சட்டம்," என்றார் கோணாமலை. அதைச் சொன்னவர் அவர்தான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழுதாய்க் கிடந்த இரண்டு ஓட்டப்போட்டி மணிக்கூடுகளைக் கபூர் காக்கா ஓட வைத்தார். ஒன்று மிஸ்ஸிக்கு, ஒன்று அவருக்கு. முதலாம் வருடம் ஏழு பேர் போட்டியிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் அந்தப் பக்கச் சுவரோரம் அவர்களும் இந்தப் பக்கச் சுவரோரம் இவர்களுமாக நின்றார்கள். நடுவிலே விமானம் சுற்றியது. அது இந்தப் பக்கம் வரும்போது இவர்கள் மூச்சை அடக்கினார்கள், அந்தப் பக்கம் போகும்போது அவர்கள் அடக்கினார்கள். ஒருவர் தும்மினாலும் போய்விடும். அவ்வளவு மெல்லிய சாமான். மூன்றாம் வருடம் யார் எந்தச் சுவர் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

வென்றவனின் பெயரை ஸ்டோரின் மரக் கதவில் கரியால் எழுதுவது வழக்கமாயிற்று. மூன்று வருடமும் அந்தக் கதவில் எழுதப்பட்ட பெயர் மஜீட். மூன்று வருடமும் இரண்டாவதாக வந்தவர் கோணாமலை. இரண்டாவது வந்தவனின் பெயருக்குக் கதவில் இடமில்லை.

தொண்ணூற்றாறு பிறந்தபோது கோணாமலையின் கண்களில் புகை படர்ந்தது. முதலில் ஓரங்கள் போயின. கண்ணுக்குள் நரம்பு காய்கிறது, ஒப்பரேசனாலும் போனது வராது என்று டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு வருடம், கூடினால் ஒன்றரை.

"அப்ப இந்த முறைதான்," என்றார் கோணாமலை, வீட்டுக்கு வந்து சேர்ந்ததும். "இரத்தினம், என்ட பேர் அந்தக் கதவில ஒருக்காலாவது கிடக்க வேணும். கண் தெரியக்குள்ள அத வாசிக்க வேணும். வேறொண்டும் எனக்குத் தேவல்ல."

மிஸ்ஸி ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தார். றப்பருக்குத் தேங்காயெண்ணெய் பூசினால் உக்கிப்போகும், ஆமணக்கெண்ணெய் பூசினால் வழுக்கிக்கொண்டு முறுகும் என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். சட்டப்படி மிஸ்ஸி செய்யக்கூடிய உதவி அந்தப் போத்தலோடு முடிந்தது.

ஏழு மாதம் அந்த விமானத்தைச் செய்தார். மூக்கைத் தொடும் தூரத்துக்கு நெட்டியைக் கொண்டுவந்து, பகல் வெளிச்சம் முற்றத்தில் நிற்கும் நேரத்தில் மட்டும் செய்தார். முடிந்த அன்று தராசில் பத்தரைக் குண்டுமணி நின்றது. தாலிக்கொடிக்குப் பூ வைக்கிறவன் கையால் செய்தது என்று பார்த்தவுடன் சொல்லலாம். உள்ளங்கையில் வைத்தால் பாரம் தெரியாது, குளிர் மட்டும் தெரியும்.

போட்டி ஆவணி மாதத்துப் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையில் நடந்தது. வெளியே கச்சான் என்கிற மேல்காற்று. ஸ்டோரின் கதவு, யன்னல் எல்லாம் பூட்டியிருந்தது. கூரைக் கண்ணாடித் தகட்டின் வழியாக விழுந்த வெளிச்சத்தில் நாற்பது பேர் நின்றார்கள். மஜீட்டின் விமானம் ஏழு நிமிடமும் நாற்பது செக்கனும் நின்றது. அதுவரை யாரும் தொடாத நேரம். எல்லாரையும்போலக் கோணாமலையும் மூன்று தரம் விடலாம். முதலாம் தரம் விமானம் கூரை வளையில் சிக்கிக்கொண்டது. இரண்டாம் தரம் ஆறு நிமிடம் ஐந்து செக்கன்.

மூன்றாம் தரத்துக்கு அவர் புது றப்பர் போட்டார். நகைக்குத் துளையிடும் கைத்துறப்பணத்தால் முறுக்கினார். எண்ணுகிற உதடு மட்டும் அசைந்தது. ஆயிரத்து நூறு முறுக்கு.

"அண்ணன், அறுந்திரும்," என்றான் மஜீட்.

"நீ உன்ட தறியப் பாரு."

மிஸ்ஸி மணிக்கூட்டைக் கையில் எடுத்தார். கபூர் காக்காவும் எடுத்தார். கோணாமலை கையை விரித்தார். விமானத்தை அவர் எறியவில்லை. அது தானாகவே அவருடைய கையிலிருந்து எழும்பிப் போயிற்று.

ஏறிற்று. வளைகளுக்கு ஒரு சாண் கீழே வந்து அங்கேயே வட்டம் போட்டது. ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையில் ஒருவர் ஒரு தேவாரம் பாடி முடிக்கலாம் போல இருந்தது. மூன்று நிமிடம். நாலு. அது இன்னும் இறங்கத் தொடங்கவில்லை. கபூர் காக்கா "ஐந்து" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் வாவிப் பக்கத்திலிருந்து வெடிச் சத்தம் வந்தது. முதலில் ஒன்று. பிறகு மழைபோல. கூரைத் தகரத்தில் ஏதோ பட்டுத் தெறித்தது. நாற்பது பேரும் விழுந்து படுத்தார்கள். யாருக்கும் யாரும் சொல்லத் தேவையில்லை, அந்த வருடங்களில் எங்கள் உடம்புகளுக்கு அது பழக்கம். கபூர் காக்கா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு முகம் குப்புறக் கிடந்தார். மணிக்கூடு அவருடைய நெஞ்சுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

மிஸ்ஸியும் விழுந்தார். ஆனால் மல்லாந்து விழுந்தார். சீமெந்துத் தரையில் தலையை வைத்து, மணிக்கூட்டை மார்பில் பிடித்தபடி, கண்ணை விமானத்திலிருந்து எடுக்காமல் கிடந்தார். பிள்ளை பிறக்கும் நேரத்திலே எத்தனையோ முறை வெடி கேட்டிருக்கிறார். பிள்ளை அதற்காக நிற்பதில்லை. இதுவும் நிற்கவில்லை.

வெளியே உலகம் வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாற்பது பேர் மூச்சையும் அடக்கிக் கிடந்ததால் காற்று அசையவே இல்லை. அப்படியொரு காற்றைப் போட்டிக்காரர்கள் தவமிருந்தாலும் பெறமாட்டார்கள். ரோசாச் சிறகு நிதானமாகச் சுற்றி, ஒரு விரல் ஒரு விரலாக இறங்கியது. கோணாமலை கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தார். அவருக்கு ஒரு ரோசாப் புகை மட்டும் தெரிந்தது.

கடைசியில் அது வந்து மஜீட்டின் முதுகில் இறங்கியது. படுத்துக் கிடந்த அவனுடைய வெள்ளைச் சேட்டில் ஒரு பூச்சிபோல உட்கார்ந்தது. முதுகு தரையல்ல. அசைந்தால் விழுந்துவிடும் என்று மஜீட்டுக்குத் தெரியும். அது விழுந்தால், நேரம் நின்றால், நன்மை அவனுக்குத்தான். அவன் அசையவில்லை. மூச்சும் விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. முன்னால் இருந்த சுழலி மெள்ள மெள்ளச் சுற்ற, விமானம் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போய், அவனுடைய தோளிலிருந்து சீமெந்தில் வழுக்கி விழுந்தது. மிஸ்ஸி மணிக்கூட்டை அழுத்தினார்.

வெடி ஓய்ந்தது. ஒரு ஜீப் தெருவால் போகிற சத்தம் கேட்டு, தேய்ந்து, மறைந்தது. ஆட்கள் எழும்பினார்கள். எழும்பிய அவசரத்தில் யாரோ உடுத்திருந்த சாரன் வீசிய காற்றில் விமானம் புரண்டது. யாருடைய காலோ அதன்மேல் பட்டது. ஏழு மாத வேலை. சத்தம்கூடக் கேட்கவில்லை.

"வென்றது," என்றான் மஜீட், சேட்டைத் தட்டியபடி. "அண்ணன், நீங்க வென்றிட்டீங்க. என்ட முதுகே சாட்சி. மிஸ்ஸி அக்கா, எத்தின நிமிசம்?"

மிஸ்ஸி கபூர் காக்காவிடம் திரும்பினார். "காக்கா, நீங்க பாத்தீங்களா?"

கபூர் காக்கா தன் கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு பொய் சொன்னால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. "அஞ்சு நிமிசம் மட்டும் பாத்தன் மிஸ்ஸி," என்றார். "மறுகா என்ட தலையத்தான் பாத்துக்கிட்டன்."

"அப்ப இந்தப் பறப்பு இல்ல," என்றார் மிஸ்ஸி.

ஸ்டோருக்குள் இரண்டு ஊரும் ஒரே குரலில் கத்தின. தொண்ணூறுக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒன்றாகச் சேர்ந்து கத்தியது அன்றுதான்.

"மிஸ்ஸிட மணிக்கூடு போதும்."

"நாங்க ஒத்துக்கிறம். எழுதுங்க அக்கா."

"காத்தான்குடியே ஒத்துக்கொள்ளுது, உங்களுக்கென்ன?"

"நீங்க ஒத்துக்கொள்ளுவீங்க," என்றார் மிஸ்ஸி. "இஞ்ச வராத ஆக்கள் நாளைக்குக் கேப்பாங்க. புருசன்ட பிளேனுக்குப் பெஞ்சாதி மட்டும் நேரம் பாத்தாளா எண்டு. மஜீட் தம்பி, அதுக்கு நீ உன்ட ஊர்ல என்ன சொல்லுவாய்? சட்டத்தில மறுபடி விடலாம் எண்டு கிடக்கு. விடுறதெண்டால் விடலாம்."

விடுவதற்குத் தரையில் நொறுங்கிய நெட்டியும் கசங்கிய தாளும்தான் கிடந்தன. மிஸ்ஸி கபூர் காக்காவின் மணிக்கூட்டை வாங்கினார். தன்னுடையதையும் எடுத்தார். இரண்டின் தலையையும் அழுத்தினார். முள்கள் பூச்சியத்துக்குப் போயின. கதவில் நாலாம் முறையாக மஜீட்டின் பெயரைக் கரியால் எழுதினார். மஜீட்தான் அதைப் பார்க்காமல் மற்றப் பக்கம் திரும்பி நின்றான்.

வீடு வரைக்கும் கணவனும் மனைவியும் நடந்தே போனார்கள். சைக்கிளின் கைப்பிடியை ஒரு பக்கம் மிஸ்ஸி பிடித்தார், மற்றப் பக்கம் வழி தெரியவேண்டி கோணாமலை பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"எத்தின நிமிசம்?"

"தெரியா."

"நீ பாத்தாய்."

"நான் மட்டும்தான் பாத்தன். ஒரு மணிக்கூட்டில மட்டும் பாத்த நேரம் நேரமில்ல."

"ஊரே குடுக்கச் சொல்லிச்சு. தோத்தவனே குடுக்கச் சொன்னான். நீ எனக்குப் பெஞ்சாதியா, இல்ல கச்சேரிக் கிளாக்கரா? எனக்கு இனி அடுத்த வருசம் எண்டு ஒண்டு இரிக்கா? உனக்கு அது தெரியாதா?"

மிஸ்ஸி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு அவருக்கு முன்னால் வந்து தரையில் இருந்தார். இருபத்தாறு வருடம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்றை அன்றுதான் எடுத்தார்.

"உங்கட தங்கச்சிர மகள் கண்ணகை என்ன நட்சத்திரம்?"

"மகம். அத இப்ப ஏன் கேக்கிறாய்?"

"மகம் இல்ல. ஆயிலியம்."

கோணாமலை சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"நான் வேலைக்கு வந்து மூண்டு மாசம்," என்றார் மிஸ்ஸி. "உங்கட தங்கச்சி பஞ்சாங்கத்தத் தலைமாட்டில வச்சுக்கொண்டுதான் படுத்திருந்தாள். புள்ள பிறக்கக்குள்ள ஆயிலியம் முடிய இன்னும் ஒம்பது நிமிசம். பொம்புளப் புள்ள ஆயிலியமெண்டா மாமிக்கு ஆகாது, ஒருத்தரும் எடுக்கமாட்டாங்க எண்டு என்ட கையப் பிடிச்சு அழுதாள். பன்ரெண்டு நிமிசம் தள்ளி எழுதினன். அந்த நேரத்த வச்சுத்தான் சாதகம் எழுதினாங்க. அத வச்சுத்தான் பொருத்தம் பாத்தாங்க. பத்துக்கு எட்டுப் பொருத்தம் எண்டாங்க. கலியாணம் முடிச்சுப் பத்து மாசம். தொண்ணூறில தோணியோட வாவிக்குப் போன பொடியன் வரல்ல."

"இரத்தினம்."

"மாமிக்கு ஒண்டும் ஆகல்ல. நல்லா இரிக்கா. கண்ணகைதான் அவவுக்குக் கஞ்சி காச்சிக் குடுக்கிறாள். மகன்தான் இல்ல."

"அந்த வருசம் எத்தின பொடியன்மார் போனாங்க," என்றார் கோணாமலை. "எல்லாருக்கும் நீயா நேரம் எழுதினாய்?"

"இல்ல."

"மறுகா ஏன்?"

"அது எனக்குந் தெரியும். நேரத்த மாத்தி எழுதினதால ஒருத்தன் சாகிறதில்ல. தெரிஞ்சென்ன? கண்ணகைட வெறுங் கழுத்தப் பாக்கக்குள்ள எல்லாம் அந்தப் பன்ரெண்டு நிமிசம் எனக்குள்ள ஓடும். நான் உங்களுக்கு இண்டைக்கு இன்னுங் கொஞ்ச நிமிசத்த எழுதிக் குடுத்தா, அத நான் எங்க கொண்டு வைப்பன்?"

கோணாமலை கையை நீட்டித் தடவி, மனைவியின் மணிக்கட்டைத் தேடி, அந்தப் பெரிய மணிக்கூட்டின்மேல் தன் உள்ளங்கையை வைத்தார். பிறகு சோறு கேட்டார்.

அடுத்த நாள் காலையில் முற்றத்தில் நெட்டி சீவுகிற சத்தம் கேட்டது.

அந்த வருடம் முழுக்க அவருடைய கண் குறைந்துகொண்டே போனது. விரலால் செய்தார். ஒட்டினது கோணலாகிவிடும், தடவிப் பார்த்து உடைத்துவிட்டு மறுபடி ஒட்டுவார். முதலாம் சட்டம் இருக்கிறதே, யாரும் தொடக் கூடாது. நொறுங்குகிற ஒவ்வொரு ஈர்க்கையும் மிஸ்ஸி பார்த்துக்கொண்டு இருந்தார். அரிசி புடைக்கிற சாட்டில் அடிக்கடி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் போவார். பிள்ளை பிறக்காமல் தவிக்கிற எத்தனையோ தாய்மாரைப் பார்த்த பெண்ணுக்கு, கை வைக்காமல் பார்த்திருப்பது எத்தனை பெரிய தண்டனை என்று யோசியுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து மஜீட் வருவான். எதிரே உட்காருவான். கை துருதுருக்கும். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருப்பான்.

"மிஸ்ஸி அக்கா, வாயால சொல்லலாமா?"

மிஸ்ஸி யோசித்தார். "சட்டத்தில கை எண்டுதான் கிடக்கு. சொல்லு."

"அண்ணன், இடப்பக்கம் ஒரு நூல் ஏத்துங்க. ஓம். இன்னுங் கொஞ்சம். இப்ப சரி. சீ, உங்களோட பொறுமையா இருந்து எனக்குத் தறி நெய்ய மறந்து போகும்."

"நீ நெய்யிற சாரனுக்கு அது நல்லது," என்றார் கோணாமலை.

தொண்ணூற்றேழு ஆவணிப் போயாவில் அவருடைய விமானம் தராசில் பதினாலு குண்டுமணி நின்றது. பாரம்தான். மிஸ்ஸி அவருடைய தோளைப் பிடித்து வெளிச்சத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டு, விலகிப் போய் மணிக்கூட்டை எடுத்தார். கபூர் காக்காவும் எடுத்தார். இந்த முறை வெடி விழுந்தாலும் மல்லாந்துதான் விழுவேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

வெடி விழவில்லை. விமானம் வளை வரைக்கும் ஏறவும் இல்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளாடித் தள்ளாடிச் சுற்றியது. கோணாமலை அதைப் பார்க்க முயற்சிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதால் கேட்டார். அது தலைக்கு மேலே வரும்போது, ரோசாத் தாள் ஒரு சின்ன மூச்சு விடுமாம்.

"நாலு பன்ரெண்டு," என்றார் மிஸ்ஸி.

"நாலு பன்ரெண்டு," என்றார் கபூர் காக்கா.

ஆறு பேரில் ஐந்தாவது. வென்றது மறுபடியும் மஜீட். ஆனால் கதவில் எழுதுகிற நேரத்தில் மஜீட் கரியை மிஸ்ஸியின் கையிலிருந்து வாங்கினான். வென்றவனின் பெயர் மட்டும்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டான். மிஸ்ஸி சட்டம் எழுதி வைத்திருந்த மட்டைத் தாளை எடுத்துத் தலையிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்துப் பார்த்தார். இல்லை. அது வழக்கமே தவிர சட்டம் அல்ல. மஜீட் ஆறு பேரின் பெயரையும் எழுதினான். ஐந்தாவதைப் பெரிதாக எழுதினான். கோணாமலையைக் கூட்டிவந்து, அவருடைய விரலைக் கரிக்கோட்டின்மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கொண்டு போனான். பெயர் முடிந்ததும் நாலு. அதற்கப்பால் பன்னிரண்டு.

வீட்டுக்கு வந்து, விரலில் இருந்த கரியைக் கழுவாமலே கோணாமலை கேட்டார். "இப்ப எனக்கு எழுத்தில ஒரு நேரம் இரிக்கி. இனியாவது சொல்லு. போன வருசம் எத்தின?"

"மிஸ்ஸியாச் சொல்லமாட்டன்," என்றார் இரத்தினம்மா. "பெஞ்சாதியாச் சொல்லுறன்." குனிந்து அவர் காதுக்குள் சொன்னார்.

இதெல்லாம் எனக்குச் சொன்னவர் கோணாமலைப் பத்தர்தான். இப்போது அவருக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். நான் போயிருந்த அன்று மிஸ்ஸி வீட்டில் இல்லை. மஞ்சந்தொடுவாய்ப் பக்கம் ஒரு பிள்ளைப்பேறு, சைக்கிளில் போயிருந்தார். எந்த ஊர் வீடென்று நான் கேட்கவில்லை. இப்போது அந்தச் சைக்கிள் தெருவின் இரண்டு பக்கமும் போகிறது.

"அவ காதுக்குள்ள என்ன சொன்னவ?" என்று கேட்டேன். "எத்தின நிமிசம்?"

பத்தர் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவருடைய முகத்தில் வந்த ஒளியை நான் பார்த்தேன். எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்தேன். மூடி கழன்ற சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"கதையெல்லாம் எழுதுங்க," என்றார். "அந்த நிமிசத்த மட்டும் எழுதாதீங்க. ஒரு மணிக்கூட்டில பாத்தது."